முத்துலட்சுமி ரெட்டி: சட்டமன்றத்தின் கதவைத் திறந்த டாக்டர். மலேசியத் தமிழ் இளையர்கள் இவரை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

சனிக்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் சலங்கைச் சத்தம் கேட்கும். கிள்ளானிலும் அப்படித்தான். பெண் பிள்ளைகளைப் பரதநாட்டிய வகுப்பில் இறக்கிவிட்டுப் பெற்றோர் வெளியே காத்திருப்பார்கள். நீங்களும் அப்படி ஒரு வகுப்பில் தட்டடவு பழகியவராக இருக்கலாம். இல்லையென்றால் உங்கள் தங்கையோ தோழியோ பழகியிருப்பார்.

நூறு வருஷத்துக்கு முன்பு இதே நடனத்தை ஆடினால் குடும்பத்துக்கு அவமானம் என்று நினைத்தார்கள். அதை ஆடிய பெண்களைப் பற்றி ஊர் பேசிய பேச்சே வேறு. இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. அதன் நடுவில் நின்றவர் ஒரு டாக்டர். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண்ணும் அவர்தான். பெயர் முத்துலட்சுமி ரெட்டி.

சென்னைக்குப் போனவர்கள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தொடங்கியவரும் இவர்தான். 2019-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி கூகள் தன் முகப்பில் இவருடைய படத்தைப் போட்டது. ஆனாலும் பெயர் தெரிந்த அளவுக்கு இவருடைய வாழ்க்கை நம்மில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

யார் இந்த முத்துலட்சுமி?

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயில்களில் ஆடலும் பாடலும் செய்துவந்த இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர்.

இந்தத் திருமணத்தை அப்பாவின் குடும்பம் ஏற்றுக்கொள்ளவில்லை. அவரை ஒதுக்கி வைத்தார்கள். ஆக, சாதி என்றால் என்ன, ஒரு பெண்ணின் பிறப்பை வைத்து ஊர் அவளை எப்படி எடைபோடும் என்பதெல்லாம் முத்துலட்சுமிக்குப் புத்தகத்தில் படித்த பாடம் இல்லை. வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சட்டமன்றத்தில் அவர் எடுத்த பெரிய போராட்டத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

சினிமா பிரியர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: நடிகர் ஜெமினி கணேசன் இவருக்கு நெருங்கிய உறவு. அவருக்கு முத்துலட்சுமி அத்தை முறை.

ஆண்கள் கல்லூரியில் ஒரே ஒரு மாணவி

அந்தக் காலத்தில் பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் படிப்பு அதோடு முடிந்தது. அடுத்தது கல்யாணம்தான். முத்துலட்சுமியின் அப்பா அப்படி நினைக்கவில்லை. மகளை வீட்டில் வைத்தே படிக்க வைத்தார். 1902-இல் முத்துலட்சுமி தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதித் தேறினார். நம் ஊர் கணக்கில் எஸ்பிஎம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்ததோ மகாராஜா கல்லூரி மட்டும்தான். அது ஆண்கள் படிக்கும் இடம். ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிடுவோம் என்று சில பெற்றோர் மிரட்டினார்கள். அம்மாவின் குலத்தையும் இழுத்துப் பேசினார்கள்.

கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டார். எதிர்ப்பையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். உதவித்தொகையும் கொடுத்தார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் பட்டம். அதுவும் சும்மா இல்லை, பரிசுகளும் பதக்கங்களுமாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். சென்னை எழும்பூரில் இருந்த அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். இந்தியாவின் முதல் தலைமுறைப் பெண் டாக்டர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்கிறோம்.

கல்யாணத்துக்கு ஒரு நிபந்தனை

மருத்துவப் படிப்பு முடித்தும் முத்துலட்சுமிக்குக் கல்யாணத்தில் பெரிய ஆர்வம் இல்லை. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்துகொள்ளச் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை போட்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவ்வளவுதான். சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். 1872-ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவுத் திருமணம் நடந்தது.

இன்று கேட்டால் இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் பல வீடுகளில் பத்து வயதுகூட ஆகாத பெண் குழந்தைகளுக்குத் திருமணம் நடந்துகொண்டிருந்தது. 27 வயதில், சாதி கடந்து, மாப்பிள்ளைக்கு நிபந்தனை போட்டு ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டார் என்றால் சும்மாவா?

இவர்களுக்கு இரண்டு மகன்கள். இளையவர் கிருஷ்ணமூர்த்தி. அவரும் டாக்டர் ஆனார். அவரைப் பற்றிப் பின்னால் வரும்.

டாக்டர் ஏன் அரசியலுக்கு வந்தார்?

அவரிடம் வந்த நோயாளிகள்தான் காரணம் என்று சொல்லலாம். பதின்மூன்று பதினான்கு வயதில் பிரசவத்துக்கு வந்த சிறுமிகளை அவர் மருத்துவமனையில் பார்த்தார். ஊட்டச்சத்து இல்லாத குழந்தைகளைப் பார்த்தார். மருந்து கொடுத்து அனுப்பினால் அடுத்த வருஷம் அதே பெண் அதே நிலையில் திரும்பி வருவாள். சட்டமும் வழக்கமும் மாறாமல் மருந்து மட்டும் போதாது என்பது அவருக்குப் புரிந்தது.

1917-இல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டொரோத்தி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்று நடத்தினார்கள். முத்துலட்சுமி ஆரம்பத்திலிருந்தே அதில் இருந்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் முக்கியக் கோரிக்கை.

1921-இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் இல்லை. சொத்து இருக்க வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரும் வாக்களிக்கலாமே தவிர, வேட்பாளராக நிற்க முடியாது. அந்தத் தடை 1926-இல்தான் நீங்கியது. நம் நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 18 வயது ஆனதும் தானாகவே வாக்காளர் பட்டியலில் பெயர் வந்துவிடுகிறது. ஒரு ஃபாரம்கூட நிரப்ப வேண்டாம். அந்த உரிமைக்கு முந்தைய தலைமுறைகள் எத்தனை படி ஏற வேண்டியிருந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

1925-இல் அரசு உதவித்தொகையுடன் முத்துலட்சுமி லண்டனுக்குப் போனார். பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்படிப்பு. 1926-இல் பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் கலந்துகொண்டார்.

ஊர் திரும்பியபோது புதிய பொறுப்பு காத்திருந்தது. சென்னை சட்டமன்றத்துக்கு ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று மாதர் சங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. முத்துலட்சுமியின் பெயர் முன்வந்தது. அவர் முதலில் தயங்கினார். மருத்துவத் தொழில் கெட்டுவிடுமே என்ற கவலை. பிறகு ஒப்புக்கொண்டார். 1927 ஜனவரியில் உறுப்பினர்கள் ஒருமனதாக அவரை அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 40.

'முதல்' என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

இந்த மாதிரிச் சாதனைகளில் கொஞ்சம் கவனம் தேவை. முத்துலட்சுமி பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். மன்னராட்சி நடந்த திருவிதாங்கூரில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் என்ற பெண் அவைக்கு நியமிக்கப்பட்டிருந்தார். அவரும் மருத்துவர்தான் என்பது சுவாரஸ்யமான ஒற்றுமை.

இன்னொன்று: முத்துலட்சுமி தேர்தலில் நின்று ஜெயிக்கவில்லை, நியமிக்கப்பட்டவர். 1926 தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்றார், மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அதனால் முத்துலட்சுமியின் பெருமை குறைந்துவிடாது. நியமனப் பதவியை அலங்காரமாக வைத்துக்கொள்ளாமல் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவையில் என்னவெல்லாம் செய்தார்?

சுமார் மூன்றரை வருஷம்தான் அவர் சட்டமன்றத்தில் இருந்தார். அதற்குள் எடுத்த விஷயங்களின் பட்டியல் நீளம்:

• அரசு மருத்துவமனைகளில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பிரிவு
• பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை
• ஏழைப் பெண் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை
• முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி
• பெண்களை விலைக்கு விற்பதையும் விபசார விடுதிகளையும் ஒடுக்கும் சட்டம்
• பெண்ணின் திருமண வயதை உயர்த்துதல்

கடைசியாகச் சொன்னது இந்தியா முழுக்கப் பெரிய விவாதமாக இருந்தது. 1929-இல் சாரதா சட்டம் என்று அழைக்கப்படும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வரம்பு வைத்தது. முத்துலட்சுமி அதை ஆதரித்துச் சென்னையில் குரல் கொடுத்தார்.

14 வயதா என்று உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். அன்று அதற்கே மதத்தில் கைவைக்கிறார்கள் என்று கடும் எதிர்ப்பு. நம் நாட்டிலும் இந்த விவாதம் பழைய கதை ஆகிவிடவில்லை. 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் குறைந்தபட்ச வயதை 18 என்று வைத்தது. ஆனால் 16 வயது நிறைந்த பெண்ணுக்கு மந்திரி பெசார் அல்லது முதலமைச்சரின் சிறப்பு அனுமதியோடு திருமணம் செய்ய அதில் வழி இருக்கிறது.

தேவதாசி முறை: சிக்கலான சண்டை

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

தேவதாசி முறை என்றால் என்ன? சிறு வயதிலேயே ஒரு பெண்ணுக்குக் கோயிலில் பொட்டுக் கட்டிவிடுவார்கள். கடவுளுக்கு மனைவி என்று அர்த்தம். அதன்பிறகு அவள் வேறு யாரையும் மணக்க முடியாது. கோயிலில் ஆடுவாள், பாடுவாள். பெரும்பாலும் ஊரிலுள்ள ஒரு பணக்காரரின் ஆதரவில் வாழ்வாள். பிள்ளைகள் பிறந்தால் அப்பா பெயர் சொல்ல முடியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. மற்ற வீட்டுப் பெண்களுக்கு எழுத்தே தெரியாத காலத்தில் தேவதாசிகள் படித்தவர்களாக இருந்தார்கள். சங்கீதமும் நடனமும் அவர்கள் கையில்தான் இருந்தன. சொத்து பெண் வழியில் போனது. கோயில் கொடுத்த மானிய நிலம் அவர்களுக்கு வருமானம்.

முத்துலட்சுமி இந்த இரண்டு பக்கத்தில் முதல் பக்கத்தைத்தான் பெரிதாகப் பார்த்தார். அவர் டாக்டர். பால்வினை நோயோடு வந்த இளம் பெண்களைப் பார்த்தவர். அம்மா அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர். விவரம் தெரியாத வயதில் ஒரு குழந்தையின் வாழ்க்கையை மற்றவர்கள் முடிவு செய்கிறார்களே என்பதுதான் அவருடைய வாதத்தின் மையம்.

அப்போதே சட்டம் இல்லையா? இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள் சிறுமிகளைத் தவறான நோக்கத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றம் என்றன. ஆனால் அந்த நோக்கத்தை நிரூபிப்பது கஷ்டம். இது மதச் சடங்கு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அதனால்தான் தனிச் சட்டம் கேட்டார்.

1927 நவம்பரில் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்க வேண்டும் என்று அவையில் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. ஆனால் தீர்மானம் என்பது அரசுக்குச் செய்யும் பரிந்துரை மட்டும்தான். சட்டம் ஆக வேறு வேலை இருக்கிறது.

அடுத்த கட்டத்தில் அவர் யோசித்த விதம் கவனிக்க வேண்டியது. பல குடும்பங்கள் ஏன் மகளுக்குப் பொட்டுக் கட்டின? நிலம்தான் காரணம். கோயில் சேவை நின்றால் மானிய நிலமும் போய்விடும். அப்படியானால் தடை மட்டும் போட்டால் அந்தக் குடும்பம் சோற்றுக்கு என்ன செய்யும்? 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம், நிலத்துக்கும் கோயில் சேவைக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தது. சேவை செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணிடமே இருக்கலாம். 1930-இல் பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை முன்வைத்தார்.

யார் எதிர்த்தார்கள்?

இரண்டு பக்கத்திலிருந்து எதிர்ப்பு வந்தது.

ஒரு பக்கம், மதத்தின் பெயரில், பண்பாட்டின் பெயரில். காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி போன்றோர் இந்த முறையை ஒழிப்பதை ஏற்கவில்லை.

இன்னொரு பக்கம், அந்தப் பெண்களே எதிர்த்தார்கள். இது பலருக்குத் தெரியாத பகுதி. சென்னையில் தேவதாசிகள் சங்கம் வைத்து அரசுக்கு மனு கொடுத்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். எங்களை எல்லாம் ஒரே தட்டில் வைத்து விபசாரிகள் என்று முத்திரை குத்தலாமா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. எங்களுக்குக் கல்வி கொடுங்கள், எங்கள் கலையைப் பறிக்காதீர்கள் என்று கேட்டார்கள்.

அதே சமூகத்திலிருந்து முத்துலட்சுமிக்கு ஆதரவாகவும் பெண்கள் வந்தார்கள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் இந்த முறைக்கு எதிராகப் பேசினார். பிறகு 'தாசிகள் மோசவலை' என்ற நாவலையும் எழுதினார். அது 1936-இல் வந்தது. பெரியாரின் சுயமரியாதை இயக்கமும் ஒழிப்பை ஆதரித்தது.

1930 மே மாதம் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி சட்டமன்றப் பதவியை ராஜினாமா செய்தார். மசோதா அப்படியே நின்றுவிட்டது. அவர் அவையை விட்டு வெளியே வந்த பிறகும் எழுதினார், மனு போட்டார், கூட்டங்களில் பேசினார். கடைசியில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947-இல்தான் சட்டம் வந்தது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருபது வருஷம்.

அப்படியென்றால் யார் சொன்னது சரி?

நேர்மையாகச் சொன்னால், இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஒரு குழந்தையின் சம்மதம் இல்லாமல் பொட்டுக் கட்டுவதை இன்று யாராலும் நியாயப்படுத்த முடியாது. அதை நிறுத்தியது பெரிய விஷயம்.

ஆனால் விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஒழிப்புப் பிரசாரம் நடந்த அதே காலத்தில்தான் சதிர் என்ற நடனம் பரதநாட்டியம் என்ற புதுப் பெயரோடு மேடை ஏறியது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் அந்தக் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடினார். 1932-இல் பத்திரிகைகளில் அவருக்கும் முத்துலட்சுமிக்கும் கடும் விவாதம் நடந்தது. 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். மேல்சாதி, நடுத்தர வர்க்கக் குடும்பத்துப் பெண்கள் ஆட வந்தார்கள். நடனத்துக்கு மரியாதை கிடைத்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பாலசரஸ்வதி போல ஒரு சிலர்தான் மேடையில் நிலைத்தார்கள். மற்றவர்கள் சத்தமில்லாமல் விலகிப்போனார்கள்.

அந்தப் புதிய பரதநாட்டியம்தான் கடல் தாண்டி நம் ஊருக்கும் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் இன்று பல இனத்துப் பிள்ளைகள் அதைப் பழகுகிறார்கள். நீங்கள் அடுத்த முறை அரங்கேற்றம் பார்க்கப் போனால், அந்த அடவுகளைக் கொடுத்த பெண்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

ஔவை இல்லம்: தனி விடுதி எதற்கு?

சட்டம் பேசுவது ஒன்று. பொட்டுக் கட்டுவதிலிருந்து தப்பித்து வரும் பெண் எங்கே தங்குவாள்?

இந்தக் கேள்வி முத்துலட்சுமியின் வீட்டு வாசலுக்கே வந்தது. தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் அடைக்கலம் தேடி வந்தபோது, அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயாராக இல்லை. அவர் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அங்கிருந்து உருவானதுதான் ஔவை இல்லம். 1930, 31-இல் தொடங்கிய அந்த இல்லம் பின்னர் அடையாறில் பள்ளியோடு வளர்ந்தது. சாதி பார்க்காமல், பிறப்பு கேட்காமல் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது அதன் வழக்கம்.

இந்தக் காலத்தில் அவருடைய பொதுவாழ்க்கையும் விரிந்தது. இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவில் உறுப்பினர். 1931-இல் அகில இந்திய மாதர் மாநாட்டின் தலைவர். 'ஸ்திரீ தர்மா' இதழின் ஆசிரியர். 1937-இல் சென்னை மாநகராட்சியின் முதல் பெண் ஆல்டர்மன்.

தங்கையின் மரணம், ஒரு மருத்துவமனை

1923-இல் முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். வீட்டிலேயே டாக்டர் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை அப்போது கிடையாது. இந்த வலி அவரை விடவே இல்லை.

1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அதிகாரிகளிடம் ஆர்வம் இல்லை. எப்படியும் பிழைக்க மாட்டார்கள், பிறகு எதற்குத் தனி மருத்துவமனை என்பதுதான் அன்றைய நினைப்பு. அவர் விடவில்லை. மாதர் சங்கம் மூலமாக நிதி திரட்டினார். பணக்காரர்களிடமும் கேட்டார், சாதாரண மக்களிடமும் கேட்டார்.

1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. மொத்தமே 12 படுக்கைகள். முத்துலட்சுமிக்கு அப்போது 67 வயது. முன்னால் சொன்னோமே, இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, அவர்தான் அம்மாவோடு நின்று அதைக் கட்டி வளர்த்தவர். 1955-இல் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். அவரும் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தார். காசு இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்த மருத்துவமனையின் கொள்கையாக நிலைத்தது.

1956-இல் இந்திய அரசு முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. 1968 ஜூலை 22-ஆம் தேதி அவர் காலமானார். 82-ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. கர்ப்பிணிகளுக்கான தமிழ்நாடு அரசின் நிதியுதவித் திட்டம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

சரி, நமக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது.

முத்துலட்சுமி சென்னை சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்த அந்த 1920-களில்தான் நம்மில் பலருடைய பாட்டன், பூட்டன் அதே சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் ஏறினார்கள். ரஜூலா போன்ற கப்பல்கள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்டு போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வந்தன. இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. வந்தவர்கள் தோட்டத்துக்கும் ரயில்வேக்கும் போனார்கள். குழந்தைத் திருமணம், சாதி, பெண் கல்வி பற்றிய பேச்சுகளும் அவர்களோடு சேர்ந்து வந்தன. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது அந்தப் பேச்சு இன்னும் சூடானது.

அரசியலிலும் ஒரு தொடர்ச்சியைப் பார்க்கலாம். 1952-இல் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் பங்சார் தொகுதியில் தேவகி கிருஷ்ணன் வென்றார். மலாயாவில் தேர்தலில் ஜெயித்துப் பொதுப் பதவிக்கு வந்த முதல் பெண் என்று அறியப்படுபவர் அவர். தமிழ்ப் பெண். பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பக்கத்துத் தொகுதி. 2024-இல், நூறு வயதில் மறைந்தார். 1955-இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் ஜெயித்த ஒரே பெண் ஹலிமாத்தோன் அப்துல் மஜிட். 1969-இல் ஃபாத்திமா ஹாஷிம் நாட்டின் முதல் பெண் அமைச்சர் ஆனார்.

அப்போ இன்று? 2022 பொதுத் தேர்தலில் நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் பெண்கள் வென்றது 30 இடங்கள்தான். வாக்காளர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள். கணக்கு உங்களுக்கே புரியும்.

ஒரு பெண் அவைக்குள் போவதால் என்ன மாறும் என்று யாராவது உங்களைக் கேட்டால், முத்துலட்சுமியின் மூன்றரை வருஷத்தைக் காட்டலாம். பிரசவ வார்டு, பள்ளியில் மருத்துவப் பரிசோதனை, பெண் பிள்ளையின் ஃபீஸ், கல்யாண வயது. இதையெல்லாம் ஆண்கள் மட்டும் இருந்த அவை அதுவரை பெரிதாக எடுத்துப் பேசவில்லை. பேசுவதற்கு, அந்த வார்டில் நின்று வேலை பார்த்த ஒருவர் வர வேண்டியிருந்தது.

அவர் செய்த எல்லாவற்றையும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இல்லை. நாகரத்தினம்மாள் கேட்ட கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. அடுத்தவரின் நன்மைக்காகச் சட்டம் போடும்போது, அந்த அடுத்தவரிடம் கேட்டீர்களா என்பதே அந்தக் கேள்வி. நாளை நீங்கள் மாணவர் மன்றத்திலோ, குடியிருப்பாளர் சங்கத்திலோ, நாடாளுமன்றத்திலோ உட்காரும்போது அது உங்களிடமும் வரும்.